எதிர் லயத்துக்குத் திருப்பிய குழாய்

பிள்ளைகளா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் ஒரு கறுப்புப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து முன்னறையில் நிறுத்தினீர்களே, அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கீழே சக்கரம், மேலே கைப்பிடி, கொழும்புக்குப் போகிறவர்கள் ஸ்டேசனில் இழுத்துக்கொண்டு ஓடும் பெட்டி மாதிரியே இருந்தது. வயர் கிடையாது. போனில் விரலை வைத்ததும் பாடிவிட்டது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பின்பக்கம் குனிந்து பார்த்தேன். சின்னவன் சிரித்துவிட்டு, "என்னாப்பா தேடுறீங்க?" என்றான். பெட்டரியைத்தான் தேடினேன், மகனே. அது உள்ளேயே இருக்கிறது, போனுக்குப் போடுகிற மாதிரி சார்ஜ் போட்டால் போதும் என்று நீ எனக்கு விளக்கம் சொன்னாய். பெட்டரியோடு பாதி வாலிபத்தைக் கழித்தவனுக்கு நீ பெட்டரி பாடம் எடுத்தது எனக்கு நல்ல சந்தோசமாகத்தான் இருந்தது.

அப்போது மூத்தவள் கேட்டாள், தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், கரண்டு இல்லாத காலத்தில் நீங்கள் எப்படி மைக்செட் போட்டீர்கள் என்று. சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்குப் போன் வந்தது. இவனுக்குக் கூட்டாளிகள் வாசலில் வந்து நின்றார்கள். கோபமில்லை. நான் வாயால் சொன்னால் எங்கேயோ தொடங்கி எங்கேயோ போய்விடுவேன் என்று உங்கள் அம்மா எப்போதும் சொல்வாள். எழுத்திலும் அப்படித்தான் போவேன். ஆனால் எழுத்தென்றால் நீங்கள் பாதியில் மூடி வைத்துவிட்டுப் பிறகு எடுத்துப் பார்க்கலாம். நான் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். பிழை இருந்தால் மூத்தவள் திருத்திக்கொள்ளட்டும். விசயத்தைத் திருத்த வேண்டாம்.

உங்கள் பெட்டியில் ஒரு வாசமும் இல்லை, அதுதான் எனக்கு முதலில் பட்டது. எங்களுடைய ஆம்பிளிபயரைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் அது சூடாகி, உள்ளே இருக்கிற தூசியும் வார்னிசும் காய்ந்து ஒரு வாசம் வரும். அடுப்பில் வெறும் சட்டியை வைத்து மறந்துவிட்ட மாதிரி. அதற்குப் பக்கத்தில் பெட்டரி. அதன் புளித்த வாசம் தொண்டையைப் பிடிக்கும். அந்த அசிட் பட்டால் துணி உடனே ஒன்றும் ஆகாது, துவைக்கும்போதுதான் ஓட்டை தெரியும். கல்யாணமான புதிதில் உங்கள் அம்மா என் சட்டைகளைப் பார்த்துவிட்டுப் பூச்சி அரித்திருக்கிறது என்று எல்லாவற்றுக்குள்ளும் பூச்சி உருண்டை போட்டு வைத்தாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச காலம் அந்த வாசத்தோடுதான் வேலைக்குப் போனேன்.

வேலை என்றால், நானும் ராசுவும். ராசு என் வயதுக்காரன், தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். மரம் ஏறுவதில் அவனுக்கு நிகர் கிடையாது. எனக்கு உயரம் என்றாலே கால் நடுங்கும். அதனால் மரத்தில் குழாய் கட்டுவது அவன், தரையில் ஆம்பிளிபயருக்குக் காவல் இருப்பது நான். குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை. பூவரசம்பூ மாதிரி வாய் விரிந்த தகர லவுட்ஸ்பீக்கர். அதன் பின்னால் ஒரு கனமான உருண்டையைத் திருகி மாட்டினால்தான் சத்தம் வரும், அதற்கு யூனிட் என்று பெயர். மழைத் தூறல் விழுந்தால் நான் என் குடையை ஆம்பிளிபயருக்குப் பிடித்துக்கொண்டு நனைவேன். "நீ அதுக்கு வாழ்க்கப்பட்டுட்டடா, இனிப் பொண்ணு பாக்க வேணாம்" என்று ராசு மரத்தில் இருந்தபடியே சொல்வான்.

சாமானைக் கொண்டு போவது தனிக் கூத்து. மடுல்சீமை பஸ்ஸில் ஏறினால் கூரையில் குழாய், காலடியில் பெட்டரி, மடியில் ஆம்பிளிபயர். ஒரு கண்டக்டர், குழாய்க்கும் டிக்கட் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். அது உட்காரவில்லையே என்றான் ராசு. அப்படியென்றால் நின்றுகொண்டு போகிறவர்களுக்கும் டிக்கட் உண்டுதானே என்றார் அவர். பஸ்ஸில் இருந்த எல்லாரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்கை ஒரு கம்பில் தொட்டில் போலக் கட்டி, அதற்குள் பெட்டரியை உட்கார வைத்து, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவனாகத் தூக்கிப் போவோம். மேட்டில் ஏறும்போது பின்னால் வருகிறவன் கம்பைத் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அசிட் ஒரு பக்கமாகச் சாய்ந்து வழியும். பின்னால் வருகிறவன் எப்போதும் நான்தான்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை கரண்டைத் தேடுவது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் கரண்டு இருக்கிற இடம் துரை பங்களா, ஆபீஸ், ஸ்டோர், அவ்வளவுதான். தேயிலை அரைக்கிற பெக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோருக்குப் பக்கத்தில் விசேசம் என்றால் அங்கிருந்து வயர் இழுக்கலாம். தூரம் என்றால் பெட்டரிதான் கதி. எங்கள் ஆம்பிளிபயருக்கு இரண்டு வாய் இருந்தது. முன்னால் கரண்டு வயர், பின்னால் பெட்டரிக்குச் சிவப்பும் கறுப்புமாக இரண்டு திருகாணி. பெட்டரிக் கரண்டு தூரம் போகாது. வயர் நீண்டால் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே பெட்டரியை ஆம்பிளிபயரின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற கதைக்கு இது வேண்டும்.

நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே லெட்சுமி என்ற பிள்ளைக்குக் கல்யாணம். அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மாரியம்மன் கோயில் ஸ்டோருக்கு மேலே, ஒரு மேட்டில். பெண் வீட்டு லயமோ எதிர் மலையில். நடுவில் பெரிய பள்ளம், அடியில் ஓடை. கோயில் வாசலில் நின்றால் எதிர் லயத்தின் கதவுகள் தீப்பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரித் தெரியும். ஆனால் நடந்து போக ஓடைக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும், மூச்சு வாங்கிவிடும்.

முதல் நாள் பின்னேரம் நாங்கள் சாமானை இறக்கிக்கொண்டிருக்கும்போது பெண்ணின் சித்தப்பா ஆறுமுகம் வந்தார். மெலிந்த மனிதர், பேசும்போது தலைப்பாகையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். எங்களை அண்ணனிடம் கூட்டிப்போக வேண்டும் என்றார். அந்த அண்ணன்தான் பெண்ணின் தகப்பன், கருப்பையா. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போன மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து படுத்துவிட்டவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாயிற்று. ஆனால் அசைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் அவரைத் தூக்கி இறக்கி ஏற்றுவது நடக்காத காரியம். கல்யாணத்தை லயத்து வாசலில் வைக்கலாமே என்று நான் கேட்டேன். லெட்சுமியின் அம்மா உயிரோடு இருந்தபோது, இந்தப் பிள்ளைக்கு அந்தக் கோயிலில்தான் தாலி கட்டுவது என்று மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டாளாம். அதை மாற்றக் கருப்பையாவே சம்மதிக்கவில்லை.

லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், அவர் பலகைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். முகம் மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. தலைமாட்டில் ஒரு முக்காலி, அதன் மேல் பித்தளைத் தட்டில் மஞ்சள் அரிசி. நாளைக்குப் போட வேண்டிய அட்சதை இப்போதே தயாராக இருந்தது. ராசு அவரிடம், என்ன பாட்டுப் பிடிக்கும் ஐயா, விடிய விடியப் போடுகிறோம் என்றான்.

"பாட்டெல்லாம் எளசுகளுக்குப் போடு தம்பி. எனக்குக் கெட்டிமேளம் மட்டும் வந்து சேந்தாப் போதும். அது கேட்டாத்தானே நான் இங்கேருந்து அரிசி போடலாம்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. ஆனால் வெளியே வந்ததும் ராசு சிரிக்கவில்லை. எத்தனையோ கல்யாணத்துக்குக் குழாய் கட்டியிருக்கிறோம். சத்தம் போகிற திசையில் ஒரு மனிதர் அரிசித் தட்டோடு காத்திருப்பார் என்று நினைத்துக் கட்டியதில்லை.

கோயில் பக்கம் ஓர் உயர்ந்த சவுக்கு மரம். ராசு உச்சிவரை ஏறி, ஒரு குழாயை எதிர் லயத்துக்கு நேராகக் கட்டினான். ஆறுமுகத்தோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் எதிரே லயத்து வாசலில் நிற்பார். சத்தம் கேட்டால் வெள்ளை வேட்டியை ஆட்ட வேண்டும், கேட்காவிட்டால் சிவப்புத் துணி. ஸ்டோர் வயரை மறுநாள் காலையில்தான் இழுக்க முடியும். ஆனால் தோட்டத்தில் குழாய் கட்டிவிட்டுப் பாட்டுப் போடாமல் இருக்க முடியாது. குழாய் பாடினால்தான் அது கல்யாண வீடு. ஆகவே பெட்டரியில் பாட்டைப் போட்டோம். எதிர்ப் பக்கம் பார்த்தால் சிவப்பு.

கேட்கவில்லை போலிருக்கிறது என்று சத்தத்தைக் கூட்டினேன். சிவப்பு அப்படியே இருந்தது. ராசு மறுபடி மரமேறிக் குழாயைக் கொஞ்சம் தாழ்த்தினான். சிவப்பு. இடப்பக்கம் திருப்பினான், வலப்பக்கம் திருப்பினான். இன்னொரு யூனிட்டை மாற்றிப் பார்த்தோம். நான் சத்தத்தை முழுக்கத் திறந்துவிட்டேன். ஸ்டோரிலிருந்து, தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் ஐயா காதைப் பொத்திக்கொண்டு மேலே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பு, ஆனால் கெட்ட மனிதர் இல்லை. "தம்பிமார், உங்கடை பாட்டிலை என்ரை தேயிலை தானா உதிரப் போகுது, கொஞ்சம் குறையுங்கோ" என்றார். அந்த நேரம் பார்த்து ஆறுமுகம் பள்ளத்தைக் கடந்து மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தார். தலைப்பாகை கையில் இருந்தது.

"எம்புட்டு நேரமா வேட்டிய ஆட்டுறேன், நீங்க கூட்டிக்கிட்டே போறீங்க. அண்ணே காதுல பஞ்ச வச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு."

அப்படியென்றால் அந்தச் சிவப்பு என்ன என்று கேட்டோம். அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் காம்பராப் பெண் மழைக்குப் போர்த்துகிற சிவப்புக் கம்பளியைக் காயப் போட்டிருந்தாளாம், அவர் ஆட்டிய வேட்டி அதற்குப் பின்னால் மறைந்துபோனது. ராசு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். டீமேக்கர் ஐயா சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கிப் போனார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அத்தனை நேரம் முழுச் சத்தத்தில் போட்டதில் பெட்டரி களைத்துப் போயிருந்தது. காலையில்தான் ஸ்டோர்க் கரண்டு வரப்போகிறதே என்று அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் எல்லாம் சரியாக நடந்தது. ஸ்டோரிலிருந்து தேயிலைச் செடிகளுக்கு மேலே வயரை இழுத்து வந்து கட்டினோம். மடுல்சீமைப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து கீழே ரோட்டில் இறங்கினார்கள். கோயிலுக்குப் படிக்கட்டு மட்டும்தான், வேன் ஏறாது. லெட்சுமி தகப்பனிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு பள்ளத்தைக் கடந்து வந்தாள். பட்டுச் சேலையின் கரை ஓடைத் தண்ணீரில் நனைந்திருந்தது. மணவறையில் எதிர் மலையைப் பார்க்கிற மாதிரி உட்கார வைக்கச் சொல்லி அவளே கேட்டாளாம். நாதஸ்வரக்காரருக்கு முன்னால் மைக்கை வைத்தேன். எதிரே வெள்ளை வேட்டி அசைந்தது. நிஜ வெள்ளை, இந்த முறை நன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டேன்.

ஐயர் தாலியைத் தேங்காய் மேல் வைத்துப் பெரியவர்களிடம் காட்டி ஆசி வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் ஆம்பிளிபயரில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு லைட் அணைந்தது.

முதலில் என் வயர்தான் என்று நினைத்தேன். இல்லை. அது மழை பொய்த்த வருசம், அடிக்கடி கரண்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்கப் போயிருந்தது. நாதஸ்வரம் தன் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது, ஆனால் அது கோயில் மேட்டைத் தாண்டாது. எதிர் லயத்து வாசலில் சிவப்புத் துணி உயர்ந்தது. கம்பளி இல்லை. ஆறுமுகம்தான் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார்.

ராசு ஸ்டோருக்கு ஓடினான். அங்கே கரண்டு போனால் டீசல் எஞ்சினைப் போடுவார்கள். அதிலிருந்து கொஞ்சம் கேட்டான். டீமேக்கர் ஐயா கையை விரித்துவிட்டார். எஞ்சின் மெசின்களுக்கு மட்டும்தான் காணும், அரைபட்டுக்கொண்டிருக்கிற கொழுந்து நின்றால் அத்தனையும் பழுது. அவர் சொன்னதில் பிழையில்லை. நான் எங்கள் பெட்டரியை மாட்டிப் பார்த்தேன். லைட் மின்மினி மாதிரி ஒரு முறை எரிந்து, குழாய் கரகரவென்று இருமிவிட்டு அடங்கியது.

முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கட்டி முடித்துவிட்டு ஆள் அனுப்பிச் சொல்லிக்கொள்ளலாம், தகப்பன் கோபிக்க மாட்டார் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதுவரை குனிந்திருந்த லெட்சுமி நிமிர்ந்தாள். சத்தம் போடவில்லை.

"அப்பாவுக்குக் கேக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேங்க."

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். மணவறையில் உட்கார்ந்த பெண் அப்படிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்போதுதான் ராசு என் காதருகே வந்து, மாப்பிள்ளை வேன் என்றான். வேனில் பெட்டரி இருக்கிறதே. ஆனால் வேன் கீழே ரோட்டில், ஆம்பிளிபயர் மேலே கோயிலில். நான் முன்னே சொன்னேனே, பெட்டரிக் கரண்டு தூரம் போகாது. பெட்டரியைக் கழற்றித்தான் கொண்டு வர வேண்டும்.

இதைக் கேட்டதும் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டார். தாலி ஏறும் முன் மாப்பிள்ளை வந்த வண்டியை அவிழ்ப்பதா, பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிப் போகிற வண்டி செத்துக் கிடந்தால் அது என்ன சகுனம் என்றார். அவருக்கு ஆதரவாக இன்னும் இரண்டு பேர். மாப்பிள்ளையோ வந்ததிலிருந்து வாய் திறக்காத மனிதர். லொறியில் கொழுந்து ஏற்றுகிற வேலை, பெரிய கைகள். மாலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"மாமா, நான் வண்டியக் கட்டிக்கப் போறதில்லையே. கழட்டச் சொல்லுங்க."

எங்கோ ஒரு பெண் சிரித்தாள். அதோடு வழக்குத் தீர்ந்தது.

நானும் ராசுவும் படியிறங்கி ஓடினோம். வேன் டிரைவர் பண்டா, சிங்களவர், முன் சீட்டில் நல்ல தூக்கம். எழுப்பி விசயத்தைச் சொன்னதும் பெட்டரி இருக்கிற சீட்டின் மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டார். "மல்லி, இது மொதலாளி வேன். பெட்டரி எறங்கினா யாரு தள்றது?" என்றார். மல்லி என்றால் தம்பி. நான் எதிர் மலையைக் கை காட்டி, பெண்ணுடைய அப்பா அங்கே படுக்கையில் கிடக்கிறார், கெட்டிமேளம் கேட்டால்தான் அரிசி போடுவார் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் மலையைப் பார்த்தார். ஆறுமுகம் இன்னும் சிவப்பை ஆட்டிக்கொண்டிருந்தார். பண்டா எழுந்து சீட்டைத் தூக்கினார்.

பெட்டரித் திருகாணி துருப்பிடித்து அசையவில்லை. மூன்று பேரும் மாறி மாறித் திருகினோம். அப்போது பின்னால் ஒரு குரல், "உது கையாலை வராது. தள்ளுங்கோ." டீமேக்கர் ஐயாதான், கையில் ஸ்டோர் ஸ்பானர். அவரே குனிந்து கழற்றிக் கொடுத்தார். வெள்ளைச் சட்டையின் கையில் அசிட் பட்டதை நான் பார்த்தேன். சொல்லவில்லை. துவைக்கும்போது அவருக்கே தெரிந்திருக்கும்.

படங்குத் தொட்டிலில் பெட்டரியை வைத்து, ராசு முன்னால், நான் பின்னால். அந்தப் படிக்கட்டில் அன்று நான் கம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஏறினேன். ஒரு சொட்டும் வழியவில்லை. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மாறினால் ஆம்பிளிபயர் புகைந்துவிடும், அதனால் அவசரத்திலும் வாயால் சொல்லிச் சொல்லி மாட்டினேன். லைட் எரிந்தது. மைக்கில் ஊதினேன். மரத்து உச்சியில் குழாய் மூச்சுவிட்டது. எதிரே சிவப்பு இறங்கியது.

நான் மைக்கை நாதஸ்வரத்துக்கு முன்னால் வைக்கப் போனேன். மாப்பிள்ளை கையை நீட்டினார். எதற்கென்று புரியாமல் கொடுத்துவிட்டேன். அவர் அதை உதட்டோடு ஒட்டிப் பிடித்தார். அப்படிப் பிடிக்கக் கூடாது, ஆனால் அன்றைக்கு அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

"மாமா, நான்தாங்க. கேக்குதுங்களா? கட்டட்டுங்களா?"

அந்தக் குரல் பள்ளத்தைத் தாண்டிப் போய் எதிர் மலையில் முட்டி, கொஞ்சம் பொறுத்து எங்களிடமே திரும்பி வந்தது. கட்டட்டுங்களா. கோயிலில் இருந்த அத்தனை பேரும், ஐயர் உட்பட, எழுந்து நின்று எதிர் லயத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. ஆறுமுகம் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வர வேண்டுமே. லெட்சுமி மட்டும் எழவில்லை, ஆனால் அவள் கண் அங்கேதான் இருந்தது. பிறகு வாசலில் வெள்ளை வந்தது. வேட்டியா படுக்கை விரிப்பா தெரியாது, பெரிதாக, மேலும் கீழும்.

கெட்டிமேளம் என்றார் ஐயர். நான் மைக்கைப் பிடுங்கித் தவிலுக்கு முன்னால் பிடித்து, சத்தத்தைக் கடைசிவரை திருப்பினேன். அத்தனை சத்தத்திலும் என் பக்கத்தில் ராசு அழுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டதற்கு, சாம்பிராணிப் புகை என்றான்.

மற்றது ஆறுமுகம் சொல்லித் தெரியும். கருப்பையா படுத்தபடியே அரிசியை அள்ளி வாசலைப் பார்த்து எறிந்தாராம். கை எட்டுமா? பாதி அவர் நெஞ்சிலேயே விழுந்தது, பாதி போர்வையில். யாரும் தட்டிவிடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். பின்னேரம் மாலையோடு வந்த லெட்சுமி அவர் நெஞ்சிலிருந்த அரிசியைப் பொறுக்கித் தன் தலையில் தானே போட்டுக்கொண்டாளாம், புருசன் தலையிலும் போட்டாளாம்.

வேனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெட்டரியைத் திருப்பி மாட்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை, தள்ளத்தான் வேண்டியிருந்தது. சகுனம் பேசிய தாய்மாமனே முதல் ஆளாக முதுகைக் கொடுத்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் தள்ளினார். இறக்கத்தில் வண்டி உருண்டு புகை கக்கி உயிர் வந்ததும், லெட்சுமி ஜன்னலில் தலையை நீட்டிப் புருசன் ஓடி வந்து ஏறுவதைப் பார்த்துச் சிரித்தாள். பண்டா எங்களைப் பார்த்து ஹோர்னை நீளமாக அடித்துவிட்டுப் போனார். அவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சகுனத்தில் ஒன்றும் குறையில்லை.

கருப்பையா பிறகு கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறி, நல்ல வயதுவரை இருந்தார். லயங்களுக்குக் கரண்டு வந்தது. வீட்டுக்கு வீடு செட் வந்ததும் எங்களைத் தேடுகிறவர்கள் குறைந்தார்கள். ராசு கொழும்பில் ஒரு கடைக்குப் போனான், தீபாவளிக்குப் போன் எடுப்பான். நான் பதுளையில் வயரிங் வேலையோடு நின்றுவிட்டேன். அதில்தான் நீங்கள் இருவரும் படித்தீர்கள். எனக்குக் குறையில்லை. உங்கள் கறுப்புப் பெட்டியும் நல்ல பெட்டிதான், சத்தம் சுத்தமாக இருக்கிறது. முன்னால் நிற்கிறவர்களுக்காகச் செய்தது. இப்போது எல்லாமே முன்னால் நிற்கிறவர்களுக்குத்தான். மலைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டுக் கட்டுகிற வேலை இல்லாமல் போய்விட்டது. அந்த ஆட்கள் போனில் பார்த்துக்கொள்கிறார்கள். அதுவும் நல்லதுதான்.

இதை எழுத ஆரம்பித்து நாலைந்து நாளாகிறது. இடையில் முந்தாநாள் எனக்கு அந்தத் தோட்டத்துக் கோயிலில் வேலை வந்தது. மேளமும் மணியும் தானாக அடிக்கிற மெசின் வாங்கியிருக்கிறார்கள், அதற்குப் பிளக் போட வேண்டும் என்றார்கள். சவுக்கு மரம் இல்லை, வெட்டியாயிற்று. எதிர் மலையில் நிலம் வெடித்ததால் லயத்து ஆட்களை எல்லாம் கீழே ரோட்டோரம் புது வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்களாம். வேலை முடிந்ததும் பூசாரியிடம் மத்தியானப் பூசைக்கு மெசினைக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடவிடச் சொல்லிவிட்டு, நான் தனியாக ஓடையில் இறங்கி எதிர்ப் பக்கம் ஏறினேன்.

அத்தனை வருசம் சத்தம் அனுப்பியவன், எதிர்ப் பக்கம் நின்று அதைக் கேட்டதே இல்லை. கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கருப்பையாவின் காம்பராவில் சுவரும் வாசலும் மட்டும் மிச்சம். வாசலை அடைத்துக்கொண்டு மானாப்புல் ஆள் உயரத்துக்கு நின்றது. புல்லை விலக்கி உள்ளே போய், அவர் தலை இருந்த பக்கமாக நிலத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மெசின் மேளம் வந்தது. நான் நினைத்ததை விட மெல்லிசாக, பள்ளத்தைத் தாண்டுகிற களைப்போடு. ஆனால் வந்தது.

புல் சத்தத்தை மறிக்காது, அது எனக்குத் தெரியும். மேளம் நிற்கும்வரை கேட்டுவிட்டு எழுந்து, வாசலில் நின்ற மானாப்புல்லைப் பிடி பிடியாகப் பிடுங்கி, கோயில் தெரிகிற அளவுக்கு ஒதுக்கிவிட்டு இறங்கி வந்தேன்.